பேச்சிக்கனி தூங்கினால் மழை

தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த வேம்படி அதை அப்படியே போட்டுவிட்டு வீட்டைப் பார்த்து ஓடினான். பின்னால் அவன் மச்சினன் லிங்கத்துரை "அத்தான், அம்பாரம் கரையுது, எங்க போறீரு" என்று கத்தியதும், பெண்கள் கையில் கிடைத்த சட்டியையும் சாக்கையும் தலையில் கவிழ்த்துக்கொண்டு உப்பைக் குவித்து வைத்திருந்த தட்டுமேட்டுக்கு ஏறியதும், பங்குனி மாதத்து உச்சி வெயில் சுற்றிலும் கொளுத்திக்கொண்டிருக்க முள்ளித்தருவை என்ற அந்த உப்பளத்து ஊரின் தலைக்கு மேல் மட்டும் ஐப்பசி மாதத்து அடைமழை கொட்டியதும், எதுவுமே அவன் காதில் ஏறவில்லை.

அவன் ஓடியதற்குக் காரணம் ஒரு தவளை. உப்பளத்தில் தவளை கிடையாது. மனுசர் குடிக்கவே நல்ல தண்ணீர் லாரியில் வருகிற இடத்தில் தவளைக்கு என்ன வேலை. ஆனால் அந்த மழைக்குள்ளே ஒரு தவளை கத்தியது, கத்திவிட்டு நிறுத்தியது, தூரத்தில் ஒரு இடி உருண்டது, இடி அடங்கியதும் ஏதோ ஒரு தகரத்தில் தண்ணீர் சொட்டியது, பிறகு மறுபடியும் அதே தவளை அதே குரலில் கத்தியது. இதே வரிசையை அவன் பத்துப் பதினைந்து நாளாக வீட்டுக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறான், அவன் பெண்டாட்டி பேச்சிக்கனியின் செல்போனில்.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். பேச்சிக்கனி தூங்கிக்கொண்டிருந்தாள். சும்மா கண்ணை மூடிக் கிடக்கவில்லை, தூங்கினாள். மார்பில் இருப்பது கேன்சர் கட்டி என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, மருந்து ஏற்ற ஆரம்பித்த பிறகு இன்னும் மோசமாக, பாயில் புரண்டு புரண்டு விடிய வைத்தவள், இப்போது வாய் லேசாகத் திறந்திருக்க, மொட்டைத் தலையில் கட்டிய துண்டு நழுவிக் காதோரம் கிடக்க, கை இரண்டும் யாரோ இறக்கி வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி பக்கத்தில் கிடக்க, தூங்கினாள். சத்தம் கூடுதலாகக் கேட்கட்டும் என்று போனை ஒரு எவர்சில்வர் டம்ளருக்குள் நிறுத்தியிருந்தாள். டம்ளருக்குள் மழை பெய்தது. ஓட்டுக்கு மேலும் மழை பெய்தது. தவளை இரண்டு இடத்திலும் ஒன்றாகக் கத்தியது.

வேம்படி ஈரச்சட்டையோடு நின்றான். டம்ளருக்குள் கையை விட்டுப் போனை அமுக்கினான். போனில் மழை நின்றது, அவள் கண்ணைத் திறந்தாள், ஓட்டுக்கு மேல் மழை குழாயை மூடினது மாதிரி நின்றது. எல்லாம் ஒரே நொடியில்.

"ஏன் நிறுத்துனீங்க? நல்லா அசந்துட்டேன்."

"சார்ஜ் போயிட்டு."

அவள் அவன் சட்டையைப் பார்த்தாள். தாவணி போட்ட காலத்திலிருந்து உப்புச் சுமந்தவளுக்கு ஈரமண் வாசனை தெரியாதா.

"மழையா?"

"ம்."

"உப்பு?"

"பாத்தியில கெடந்தது போச்சு. அம்பாரம் கொஞ்சம் நிக்கி."

"என்னைக் கூப்பிடலையே," என்றாள்.

அவளைக் கூப்பிட்டிருக்க வேண்டும், அதுதான் முறை. பருவம் தப்பி மழை வந்தால் தலைச்சன் பிள்ளையாகப் பிறந்த ஒரு பொம்பளை அடுப்படி அகப்பையை எடுத்து மழைக்குள் எறிய வேண்டும், மழை வெட்கப்பட்டு நின்றுவிடும் என்பது முள்ளித்தருவைப் பழக்கம். பாவாடைப் பிள்ளையாக இருந்த காலத்திலிருந்தே பேச்சிக்கனிதான் எறிவாள். சில தடவை நின்றிருக்கிறது, சில தடவை அகப்பைதான் காணாமல் போயிருக்கிறது. அவளை இனிமேல் எப்படிக் கூப்பிடுவது என்று வேம்படிக்கு விளங்கவில்லை. துண்டை எடுத்துத் தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தான்.

மழைச் சத்தம் போடுகிற அந்த ஆப்பை அவள் போனில் ஏற்றிக் கொடுத்தது மருந்து ஏற்றுகிற ஹாலில் இருக்கும் நர்ஸ் ஜெசிந்தா. ஊசியைப் பார்த்ததுமே பேச்சிக்கனிக்கு வாந்தி வந்துவிடும், கை நடுங்கி நரம்பு உள்ளே போய் ஒளிந்துகொள்ளும், குத்தின இடத்தையே திரும்பத் திரும்பக் குத்த வேண்டியிருக்கும். "எக்கா, இதைக் காதுல வச்சுக்கிட்டுக் கண்ண மூடுங்க, இங்க பாதிப்பேரு இதத்தான் கேக்காக," என்று ஜெசிந்தா போனை வாங்கித் தட்டினாள். உள்ளேயிருந்து ஒரு பெண், அவசரமே இல்லாத குரலில், உங்கள் மூச்சைக் கவனியுங்கள், வரட்டும், போகட்டும் என்றாள். "இவ யாரு, இவ்வளவு மெதுவாப் பேசுதா, வேல சோலி ஒண்ணும் கெடையாதா," என்றாள் பேச்சிக்கனி. பக்கத்துக் கட்டிலில் கிடந்த ஆள் அந்த வலியிலும் சிரித்தான். பிறகு ஜெசிந்தா சத்தங்களைக் காட்டினாள்: கடல் இருக்கிறது, குருவி இருக்கிறது, புல்லாங்குழல் இருக்கிறது, மழை இருக்கிறது, எது வேண்டும்?

கடலை அவள் வேண்டாம் என்றாள். கடல் சத்தம் கேட்டால் எழுந்து வேலைக்குப் போகத் தோன்றும். மழை என்றாள்.

உப்பளத்துக்காரி மழையைக் கேட்டது வேம்படிக்கே அன்றைக்கு ஒரு மாதிரியாக இருந்தது. மழை என்றால் அங்கே நஷ்டம், பட்டினி, மூன்று மாதம் சும்மா கிடப்பது. ஆனால் கூட்டிவரும்போது பஸ்ஸில் அவள் சொன்னாள்: "மழ பெய்ஞ்சாத்தானங்க நமக்கு லீவு. சின்னப் பிள்ளையில மழச் சத்தம் கேட்டா எங்கம்மா எழுப்ப மாட்டா. இன்னிக்கு வேல இல்ல, படுத்துக்கோட்டின்னுட்டு அவளும் பக்கத்துல படுத்துருவா. வேற எந்த நாள்லயும் அவ பகல்ல படுத்து நான் பாத்ததில்ல." மனம் வயிற்றுப்பாட்டை நினைத்து மழையைத் திட்டும், உடம்பு மட்டும் யாருக்கும் சொல்லாமல் மழைக்குக் காத்துக்கிடக்கும். அங்கே எல்லோருக்கும் அப்படித்தான். அவள் வாய்விட்டுச் சொன்னாள், அவ்வளவுதான்.

ஆக, முதல் கொஞ்ச நாள் அவள் கேட்டாள், தூக்கம் வரவில்லை, மழையும் வரவில்லை. தூக்கம் வந்த அன்றைக்கு மழை வந்தது.

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாள் வேம்படி பாத்தி ஓரத்தில் நின்று பார்த்தான், வீட்டுச் சன்னலில் அவள் கை டம்ளரைத் தேடுவது தெரிந்தது, கொஞ்ச நேரத்தில் மூக்கில் ஒரு சொட்டு விழுந்தது. அவன் ஓடிப்போய் மச்சினனிடம் சொன்னான். லிங்கத்துரை பேச்சிக்கனிக்கு இளையவன், அளத்தைக் குத்தகைக்கு எடுத்த குடும்பங்களுக்கெல்லாம் அவன்தான் கையெழுத்துப் போட்டவன், அதனால் உப்பு கரைந்தால் முதலில் கரைகிறவனும் அவன்தான். அவன் வேம்படியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நெசமாத்தான் சொல்லுதீரா," என்று மட்டும் கேட்டான். பிறகு கோயில் முன்னால் ஊரைக் கூட்டினான்.

யாரும் நம்பமாட்டேன் என்று சொல்லவில்லை. அதற்கெல்லாம் நேரமில்லை, பாத்தி காய வேண்டும். ராசகிளி என்று ஒருத்தி, வேம்படிக்குப் பக்கத்து வீடு, "அம்மனுக்குக் கொட குடுத்து, கெடா வெட்டி, முளப்பாரி எடுத்து வராத மழ செல்லுல வருதாக்கும். நாம இத்தன வருசம் கெடாயத் தின்னதுதான் மிச்சம்," என்றாள். "ஆப்புன்னு பேரு வச்சிருக்கான், சரியா நமக்குன்னே வச்சிருக்கான்," என்றார் ஒரு பெரியவர். காரணம் என்ன என்று கேட்டவர்கள் ரெண்டு பேர். காரணம் தெரிந்தால் கரைந்த உப்பு திரும்பி வருமா என்று மற்றவர்கள் கேட்டதும் அவர்களும் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்கள்.

பிறகு சோதித்துப் பார்த்தார்கள். ராசகிளி தன் போனில் அதே ஆப்பை ஏற்றி அதே மழையைப் போட்டுக்கொண்டு படுத்தாள், சாயங்காலம் வரை குறட்டை விட்டுத் தூங்கினாள், ஒரு மேகம் கூட வரவில்லை, புருசனிடம் ஏச்சு வாங்கினதுதான் பலன். பேச்சிக்கனிக்குப் புல்லாங்குழலைப் போட்டார்கள், அவள் தூங்கவில்லை. அவள் காதுக்குள் செருகுகிற ஒயரை மாட்டி, சத்தம் வெளியே வராமல் வைத்தார்கள், அவள் தூங்கினாள், மழை பெய்தது. அவள் தூங்கும்போது போனை நிறுத்தினால் விழித்துவிடுவாள், விழித்தால் மழை நின்றுவிடும், ஆகவே சத்தம் மழையைக் கொண்டுவருகிறதா தூக்கம் கொண்டுவருகிறதா என்று யாருக்கும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. ஊர்ப்பிள்ளைகள் அந்தத் தவளையைத் தேடிப் பாத்தி பாத்தியாக அலைந்தார்கள். குரல் கிடைத்தது, தவளை கிடைக்கவில்லை.

தூங்காதே என்று ஒரு நோயாளியிடம் எப்படிச் சொல்வது. யாரும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக வேறு இடம் பார்த்தார்கள். நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம், சவுக்குக்காட்டை ஒட்டி, யாரோ கைவிட்டுப் போன பழைய அளம் ஒன்று கிடந்தது. அங்கே நாலு கம்பை நட்டுத் தார்ப்பாய் கட்டினார்கள், கயிற்றுக் கட்டில் போட்டார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் லோடு ஆட்டோவில் மெத்தை விரித்துப் பேச்சிக்கனியை ஏற்றி, வேம்படி பிடித்துக்கொள்ள, அங்கே கொண்டுபோய்த் தூங்கவைத்தார்கள், மழையும் ஊரை விட்டு அங்கேயே போய்ப் பெய்தது. கூடவே குடங்கள் போயின. முதல் நாள் ராசகிளி ஒருத்திதான் ரெண்டு குடம் கொண்டுபோனாள், அந்தத் தண்ணீரில் பருப்பு ஒரே கொதியில் வெந்தது என்று வந்து சொன்னாள், அவ்வளவுதான், மறுநாள் ஆட்டோவில் பேச்சிக்கனிக்குக் கால் நீட்ட இடமில்லை. பச்சைக் குடமும் மஞ்சள் குடமும் கட்டிலைச் சுற்றி வரிசை கட்டி நின்றன. லாரித் தண்ணீருக்கு எப்படி முறை வைத்தார்களோ அப்படியே பேச்சிக்கனி தண்ணீருக்கும் முறை வைத்தார்கள். லாரிக்காரர் கோபித்துக்கொண்டு ரெண்டு நாள் வரவில்லை, பிறகு அவரும் ஒரு கேனோடு வந்தார்.

அந்தக் கொஞ்ச நாள் நன்றாகத்தான் இருந்தது என்று எல்லோரும் சொல்வார்கள். வேம்படியைக் கேட்டால் சொல்லமாட்டான்.

"நல்லா தூங்குனியா மைனி?" என்று வழியில் பார்க்கிறவர்களெல்லாம் பேச்சிக்கனியைக் கேட்டார்கள். முன்பெல்லாம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. பழைய அளத்துக்குப் பக்கத்து வீடு ஒன்றில் சடங்கு வைத்திருந்தார்கள், பந்தல் நனைந்துவிடுமே, அன்றைக்கு மட்டும் தூங்காமல் இருப்பாளா என்று வெற்றிலைத் தட்டோடு வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். இன்னொருத்தர் சவுக்குக்காட்டு ஓரம் முருங்கைக் கம்பு நட்டிருக்கிறேன், நாளைக்கு ஒரு அரைமணி கூடுதலாகத் தூங்கச் சொல்லும் என்றார். அவளுக்கு அதில் ஒரு பெருமை கூட இருந்தது. தலையில் துண்டைக் கொஞ்சம் எடுப்பாகக் கட்ட ஆரம்பித்தாள். "கேன்சர் வந்தபிறகுதாங்க என்னைய எல்லாரும் கேட்டுக்கிட்டு ஒண்ணு செய்யுதாவ," என்று சிரித்தாள். வேம்படிக்குச் சிரிப்பு வரவில்லை. தூங்கினாளா என்று ஊரே கேட்டது, வலிக்குதா என்று கேட்டது ராசகிளி ஒருத்திதான்.

அவனுக்கு என்ன பயம் என்று அவனுக்கே முதலில் தெரியவில்லை. தெரிந்தது ஒரு சாயங்காலம். பழைய அளத்தில் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள், மழை கனத்துப் பெய்துகொண்டிருந்தது, பெண்கள் குடங்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார்கள், சவுக்கு மரத்தடியில் பீடி பற்றவைக்கக் குனிந்த வேம்படியின் காதில் மழை மெலிவது கேட்டது. தூறலாகிற்று. தூறல் பொடியாகிற்று. பொடி புகை மாதிரி ஆகி, நின்றே விட்டது. போன் மட்டும் டம்ளருக்குள் பெய்துகொண்டே இருந்தது. "மைனி முழிச்சிட்டா போல," என்று ஒருத்தி குடத்தைத் தூக்கினாள். அவன் ஓடிப்போய்ப் பார்த்தான். அவள் விழித்திருக்கவில்லை. உதடு கருநீலமாக இருந்தது. நெஞ்சு ஏறவில்லை. அவன் "கனி" என்றான், பிறகு "ஏ கனி, ஏ கனி" என்று தோளைப் பிடித்து உலுக்கினான், அவள் எங்கோ ஆழத்தில் விழுந்த வாளியைக் கயிற்றில் இழுக்கிற மாதிரி ஒரு மூச்சை இழுத்தாள். தார்ப்பாயின் மேல் ஒரு சொட்டு விழுந்தது. அவள் இன்னொரு மூச்சு இழுத்தாள், இன்னும் ரெண்டு சொட்டு. அப்படியே, மூச்சுக்கு மூச்சு, மழை திரும்பி வந்தது, அவள் விழிக்கவே இல்லை, குடத்தைத் தூக்கினவள் "அட, நிக்கலையா" என்று மறுபடி இறக்கி வைத்தாள்.

அவன் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன செய்வார்கள், கூட்டம் போடுவார்கள். ஆனால் அன்றையிலிருந்து அவள் தூங்கும்போதெல்லாம் அவன் மழையைக் கவனித்தான். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்கிற மாதிரி அவன் தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்து மேலே விழுகிற சத்தத்தைக் கேட்டான். மழை கனத்தால் அவனுக்கு மூச்சு வந்தது. கொஞ்சம் மெலிந்தால் எழுந்து அவள் மூக்கில் விரலை வைத்துப் பார்த்தான். சோறு இறங்கவில்லை. ராத்திரி அவள் விழித்துக் கிடக்கையில்தான் அவன் பயமில்லாமல் ரெண்டு மணிநேரம் கண்ணை மூடினான்.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது மருந்து ஏற்றவில்லை. ரத்தத்தில் வெள்ளை அணு குறைந்துவிட்டது, இந்த நிலையில் ஏற்ற முடியாது, வெளியே எங்கும் கொண்டுபோகக் கூடாது, காற்று பட்டாலே காய்ச்சல் பிடிக்கும் என்று டாக்டர் சொன்னார். வலிக்கு மாத்திரை மாற்றிக் கொடுத்தார். வெளியே வந்ததும் வேம்படி ஜெசிந்தாவைப் பிடித்துக்கொண்டான்.

"சிஸ்டர், அது... அந்தப் போன்ல கேக்கது. அதக் கேட்டுக்கிட்டே தூங்கினா மூச்சுக்கு ஒண்ணும் ஆகாதுல்லா?"

"ஒண்ணும் ஆகாதுண்ணே. அது சும்மா மனசுக்கு. நல்லாத் தூங்கட்டும்." பிறகு கொஞ்சம் யோசித்து, குரலை இறக்கி, "அவங்க கேக்கத எல்லாம் குடுங்கண்ணே," என்றாள்.

இந்த ரெண்டாவது பேச்சு அவனுக்குப் பிடிக்கவில்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தான்.

பழைய அளத்துக்கு இனிப் போக முடியாது. ஊருக்குள் தூங்கினால் உப்பு போகும். அதுவும் எந்த நேரம்: அந்தப் பருவத்தில் வாரிய உப்பு மொத்தமும் தட்டுமேட்டில் அம்பாரம் அம்பாரமாக வெள்ளை வெளேர் என்று நிற்கிறது, ஏற்றிப்போக வேண்டிய லாரிக்காரர்களெல்லாம் பங்குனி உத்திரத்துக்குக் குடும்பத்தோடு அவரவர் சாஸ்தா கோயிலுக்குப் போய்விட்டார்கள், பொங்கல் வைத்து மொட்டை போட்டுத் திரும்பி வந்துதான் வண்டியை எடுப்பார்கள். இருக்கிற தார்ப்பாய் பாதிக்குக்கூடக் காணாது. பதினாறு குடும்பம் அந்தக் குவியலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

லிங்கத்துரை வந்தான். வாசலில் நின்றான், உள்ளே வரவில்லை.

"அத்தான், லாரி வார வரைக்கும் அந்தப் போன எங்கிட்டக் குடுத்திரும்."

"அவ எப்படித் தூங்குவா?"

"அதான் மாத்திர குடுத்திருக்காவல்லா."

"மாத்திர கேக்க மாட்டேங்கு."

"எனக்கு மட்டும் ஆசையா வே? அவ என் அக்கா. என்னையத் தூக்கி வளத்தவ. நான் வெளியில போனா பதினாறு வீட்டுக்காரனும் என் மூஞ்சியப் பாக்கான். நான் என்ன செய்ய, சொல்லும்."

உள்ளேயிருந்து பேச்சிக்கனி சொன்னாள்: "லே, போன் இங்கயே இருக்கட்டும். நான் போட மாட்டேன். போ."

சொன்னபடி போடவில்லை. அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் வேம்படி. அவள் போர்வையின் ஓரத்தைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு கிடந்தாள். கடித்த இடமெல்லாம் நூல் பிரிந்து தொங்கியது. கண் சிவந்து, சிவப்பும் போய், கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. சில நேரம் அந்த ஆப்புக்காரி மாதிரித் தனக்குத்தானே, வரட்டும், போகட்டும், வரட்டும், போகட்டும் என்று முனகினாள். வலி வந்தது, போகவில்லை. வேம்படி காலைப் பிடித்துவிட்டான், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தான், தன் வாயாலேயே சோவென்று மழைச் சத்தம் போட்டுக் காட்டினான். அவள் சிரிக்கப் பார்த்தாள். "தவளைய விட்டுட்டீங்க," என்றாள். அவன் தவளை மாதிரியும் கத்தினான், கத்திக்கொண்டே அழுதான், அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஊர் ஒன்றும் மிருகமில்லை. ராசகிளி கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். ஆம்பிளைகள் வீட்டு வழியாகப் போகையில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போனார்கள், சத்தம் கேட்டு அவளுக்கு உபத்திரவமாக இருக்கக் கூடாதாம். ஆனால் ஒவ்வொருத்தரும் போகிற போக்கில் சன்னலைப் பார்த்தார்கள், டம்ளர் எங்கே இருக்கிறது என்று பார்த்தார்கள். கோயிலில் அவள் பெயருக்கு விளக்குப் போட்டார்கள். அவள் பிழைக்க வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டார்கள், தூங்காமல் இருக்க வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டார்கள். அம்மன் எதை எடுப்பாள்.

லாரி நாளைக்கு வருகிறது என்று சேதி வந்தது. அன்றைக்கு மத்தியானம், வெயில் சுவரெல்லாம் ஏறி நிற்கிற நேரம், அவள் வேம்படியைக் கூப்பிட்டாள். குரல் ஒரு நூல்தான் இருந்தது.

"ஏங்க. கொஞ்ச நேரம் போடுங்க."

அவன் சன்னல் வழியாகத் தட்டுமேட்டைப் பார்த்தான்.

"ரொம்ப இல்ல. கண்ணு சொருகுற வரைக்கும். தூறல் விழுந்தா விழட்டும், தூறலுக்கு அம்பாரம் ஒண்ணும் ஆகாது, மேல உப்பு இறுகி ஓடு கட்டிக்கிடும். நான் அசந்துட்டேன்னா எழுப்பிருங்க. அசர விட்டுராதீங்க. நாளைக்கு லாரி வருது, கையில வந்தது போயிறக் கூடாது. நம்மளால போச்சுன்னு ஆயிறக் கூடாது. எந்தலையில அடிச்சுச் சொல்லுங்க, எழுப்பிருவேன்னு."

அவன் அந்த மொட்டைத் தலையில் கை வைத்தான். வெயிலில் கிடந்த பித்தளைப் பானை மாதிரிச் சுட்டது. எழுப்பிருதேன் என்றான். போனை டம்ளரில் நிறுத்தினான்.

அவள் உடனே தூங்கினாள். கல்லைக் கிணற்றில் போட்ட மாதிரிப் போனாள். கடித்த போர்வை வாயிலிருந்து தானாகக் கழன்றது, நெற்றி விரிந்தது, இத்தனை நாளாகப் பாயில் கிடந்த கிழவி போய் அவன் கட்டிக்கொண்டு வந்த பேச்சிக்கனி அங்கே கிடந்தாள். வெளியே முதல் சொட்டு விழுந்தது. ஊரில் யாரோ "மழ" என்றார்கள். கத்தவில்லை, சாவுச் சேதி சொல்கிற மாதிரிச் சொன்னார்கள். பிறகு தார்ப்பாய் இழுக்கிற சத்தம், ஓடுகிற சத்தம், பிள்ளைகளைக் கூப்பிடுகிற சத்தம், அதற்கு மேல் எல்லாவற்றையும் மூடிக்கொண்டு மழை. தூறல் இல்லை. ஐப்பசியில்கூட யாரும் பார்க்காத மழை. தூங்காமல் சேர்த்துவைத்த தூக்கம் மொத்தமும் ஒரே இறக்காக இறங்கினது மாதிரி இறங்கியது.

லிங்கத்துரை வந்தான். இந்தத் தடவை வாசலைத் தாண்டி உள்ளே வந்து அவள் கால்மாட்டில் நின்றான். உடம்பெல்லாம் தண்ணீர் வடிந்தது, நெஞ்சுவரை உப்புச் சேறு. அவனுக்குப் பின்னால் வாசலில், சன்னலில், ஓட்டுச் சரிவுக்குக் கீழே, ஊர் நின்றது. பதினாறு வீடும் நின்றது. தட்டுமேட்டில் அம்பாரம் ஒன்று பக்கவாட்டில் சரிந்து சறுக்கிக்கொண்டு போனது, அங்கிருந்தே தெரிந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"அத்தான்," என்றான் லிங்கத்துரை. "எழுப்பும்."

டம்ளருக்குள் போன் ஒரு தரம் சிணுங்கியது. சார்ஜ் தீர்ந்து அணைந்தது. இந்தத் தடவை நெசமாகவே தீர்ந்தது. அறைக்குள் இருந்த மழை நின்றது. எல்லோரும் தலையைத் தூக்கி ஓட்டைப் பார்த்தார்கள்.

வெளியே மழை நிற்கவில்லை.

பேச்சிக்கனி விழிக்கவும் இல்லை. அவள் நெஞ்சு ஏறுவது கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெதுவாக இருந்தது, வேம்படி அதைப் பார்க்கவும் இல்லை, அவன் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். மழை கொஞ்சம் மெலிந்தது. வாசலில் நின்றவர்கள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, ஒருத்தி கையெடுத்துக் கும்பிட்டாள், நின்னுரும், நின்னுரும் என்று யாரோ முணுமுணுத்தார்கள். அத்தனை பேரில் வேம்படி ஒருத்தன்தான் நிற்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். மெலிந்த மழை மெலிந்தபடியே கொஞ்ச நேரம் தொங்கியது. பிறகு, ரொம்பத் தூரத்திலிருந்து யாரோ நடந்து வருவது மாதிரி, ஒவ்வொரு ஓடாகத் தட்டிக்கொண்டு திரும்பி வந்தது.

"எழுப்பும் அத்தான். அவதான எழுப்பச் சொன்னா. எனக்குத் தெரியும், அவ சொல்லாம நீரு போட்டிருக்க மாட்டீரு." லிங்கத்துரை அழுதுகொண்டிருந்தான். "அவ சொன்னதையாவது செய்யும்."

வேம்படி கையை நீட்டினான். எல்லோரும் பார்த்தார்கள். கை அவள் தோள்வரை போயிற்று. நழுவிக் கிடந்த போர்வையை எடுத்து, அந்தத் தோளை மூடிவிட்டுத் திரும்பி வந்தது.

அவன் எழுப்பவில்லை.